மூன்றாம் எண் பெட்டி

வேலூரிலிருந்து பதினோரு கிலோமீட்டர்.
பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளங்களைத் தாண்டினால்
முகாம்.
வேலி முள்ளின் மேல் காய்கிற பள்ளிச் சீருடைகள்.
அதற்குள் எங்கள் திட்டம்:
செவ்வாய்தோறும் மருத்துவ வேன்,
மாலை ஆறிலிருந்து எட்டுவரை டியூஷன்,
புகார்ப் பெட்டிகள் மூன்று.
என் பதவியின் பெயர்
அடையாள அட்டையில் இரண்டு வரி பிடிக்கும்.
முகாமில் நான் பெட்டி அக்கா.

மூன்றாம் எண் பெட்டி ஏழு மாதம் காலி.
"குறைகள் ஏதுமில்லை" என்று
ஏழு முறை எழுதி அனுப்பினேன்.
தலைமை அலுவலகம் பாராட்டியது.
எட்டாம் மாதம்தான் கண்ணில் பட்டது:
பெட்டிக்கு நேரெதிரே
ஆள் கணக்கெடுக்கிற மேசை,
கியூ பிராஞ்ச்காரரின் பைக்,
உதவித்தொகைக்கு நிற்கிற வரிசை.
அத்தனை பேர் முன்னால்
யார் கை நீளும்?

டிரைவர் இம்தியாஸ்
"இன்னா மேடம், பொட்டிக்கெல்லாம் ட்ரான்ஸ்பரா?" என்றபடி
பெண்கள் கழிப்பறையின் பின்சுவரில் அதை மாட்டினான்.
சாவி இரண்டு.
ஒன்றை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.
ஒப்படைக்கவில்லை.

அடுத்த செவ்வாய் பதினான்கு சீட்டுகள்.
கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
சர்க்கரை மாத்திரை இருபது நாளைக்குத்தான் தருகிறீர்கள்,
மாதத்துக்கு முப்பது நாள்.
பெயிண்ட் வேலைக்குப் போகிற எங்களுக்குப்
பகலில் வருகிற டாக்டர் எதற்கு?
கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை.
தாழ்ப்பாள்.
யாரோ ஒரு மின்கட்டண ரசீதை மடித்துப் போட்டிருந்தார்கள்,
ஏனென்று இன்றும் தெரியாது.
பதினான்காவது,
கணக்கு நோட்டில் கிழித்த கால் பக்கம், ஊதா மை:

"அக்கா, வகுப்பு முடிய சேர் முதல்ல லைட்டை நிப்பாட்டுறார்.
நாங்கள் எல்லாரும் வெளியில போனாப் பிறகு
நிப்பாட்டச் சொல்லுங்கோ.
இதை ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம்."

மூன்று முறை படித்தேன்.
மை என் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது.

இருபத்துநான்கு மணி நேரத்தில் மேலே அனுப்பு என்கிறது விதி.
ஒருத்தருக்கும் காட்ட வேண்டாம் என்கிறாள் இவள்.
விதியை எழுதிய குழுவில் நானும் இருந்தேன்.
குளிரூட்டிய அறை, ஏலக்காய் டீ,
"பாதிக்கப்பட்டவரின் விருப்பம்" என்ற இரு சொல்லுக்காக
அரைமணி நேரம் வாதாடி வென்றேன்.
அன்று அந்த விருப்பத்துக்குக்
கையெழுத்து இருக்கவில்லை.

ஊதாப் பேனா அந்த வகுப்பில் நான்கு பேரிடம்.
நால்வரும் இங்கேயே பிறந்தவர்கள்தான்.
மூவர் பள்ளியில் கற்ற
"வந்துகினு போய்கினு"விலேயே கனவும் காண்பவர்கள்.
வீட்டுத் தமிழில் எழுதுகிறவள் ஒருத்தி.
ஸ்கேன் செய்து அனுப்பினால்
பெயரெழுதி அனுப்பியது போல.

வேனின் பின்சீட்டில்
மருந்து அட்டைப்பெட்டி மேல் தாளை வைத்து
என் கையெழுத்தில் எழுதினேன்.
சேர், சார் ஆனார்.
நிப்பாட்டுறார், அணைக்கிறார்.
"சொல்லுங்கோ"வின் கடைசி ஓ-வை எடுத்தேன்.
படகில் வந்து
மண்டபத்தில் இறங்கி
லாரியில் இவ்வளவு தூரம் கெடாமல் வந்த ஓ.
அவளைக் காக்க
அவளைப் போலவே இல்லாத ஒரு சீட்டு.

விசாரணை முடியும்வரை வகுப்புக்கு வர வேண்டாமென்று
சந்தானராஜிடம் சொன்னபோது
"யார் சொன்னது?" என்றார்.
பெட்டி.
"எந்தப் பெட்டி?"
மூன்றிலும் வந்தது என்றேன்.
அறிக்கையில் பொய்க்குக் கட்டம் கிடையாது.

குழு கூடப் பன்னிரண்டு நாள்.
அதற்குள் இம்தியாஸ்
எண்பது ரூபாய் வயரில்
சுவிட்சை வாசலுக்கு வெளியே இழுத்துவிட்டான்,
கொள்முதல் அனுமதி இல்லாமல்.
ரசீதை நான் தொலைத்துவிட்டேன்.
அசல் சீட்டு பூட்டிய அலமாரிக்குப் போக வேண்டும்.
அலமாரிச் சாவி நான்கு பேரிடம்.
சீட்டு என்னிடமே இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின செவ்வாய்.
பெட்டியில் ஒரே ஒரு தாள். நீல மை.
வேறு யாரோ எழுதியது போல
எழுத்தையெல்லாம் இடப்பக்கம் சாய்த்து:

"லைட் சரி.
கக்கூஸ் தாழ்ப்பாள் இன்னும் வரேல்லை."